கோபி காத்திருந்த நான்கு மாதங்கள்

2016 ஜூனில் சீனாவின் தியான்ஷான் மலைப்பகுதியிலிருந்து கோபி பாலைவனத்துக்குள் 250 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு நெடுந்தூர ஓட்டப்பந்தயம் நடந்தது. ஏழு நாள் பந்தயம். அதில் ஓடிய டியான் லெனார்டை மணல் நிறத்தில் ஒரு குட்டைக்கால் தெருநாய் பின்தொடர்ந்தது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் அவருடன் ஓடியது. ஆற்றங்கரையில் அது தயங்கி நின்றபோது அவர் தூக்கிக்கொண்டு கடந்தார். கோபி என்று பெயர் வைத்து, தன் வீடு இருக்கும் எடின்பரோவுக்குக் கொண்டுபோக முடிவுசெய்தார். ஏற்பாடுகள் நடக்கும்போதே அது உரும்சி நகரத்தில் தொலைந்தது, தேடல்குழு அமைத்துத் தேடியதில் கிடைத்தது. கடைசியில் 2017 ஜனவரியில் ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஓட்டத்தையும் தொலைந்து கிடைத்ததையும் விரிவாகச் சொல்வார்கள். இடையில் பெய்ஜிங்கில் கழிந்த மாதங்களை, காகித வேலை என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்த மாதங்களைப் பற்றியதே இக்கட்டுரை. வெளிநாட்டுத் தெருநாயை மீட்பதில் விமானப் பயணம் மிகச் சிறிய பகுதி. உண்மையான மீட்பு அதற்கு முன்பு, காத்திருக்கும் மாதங்களில் நடக்கிறது. நாயின் உடலில் என்ன இருக்கிறது என்று அறியக் காலத்தை விட்டால் வேறு கருவி நம்மிடம் இல்லை என்பதுதான் அந்தக் காத்திருப்புக்குக் காரணம்.

ரேபீஸிலிருந்து தொடங்க வேண்டும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நாய்க்கடி வழியாக வந்தது. இந்த வைரஸ் வேறு பல வைரஸ்களைப் போல இரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட இடத்துத் தசைக்குள் நுழைகிறது; சில சமயம் அங்கேயே நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. பிறகு அருகிலுள்ள நரம்பின் முனையைப் பற்றி உள்ளே ஏறுகிறது. நரம்பிழை தன் சொந்தப் பொருள்களை உடலணுவின் மையத்துக்குக் கொண்டுபோக வைத்திருக்கும் போக்குவரத்தையே பயன்படுத்திக்கொண்டு, நாளொன்றுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கிப் போகிறது. நரம்புக்குள் போய்விட்ட வைரஸை நோயெதிர்ப்பு மண்டலம் காண்பதே இல்லை. மூளையை அடைந்து பெருகி, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கிய பிறகுதான் நாய் பிறருக்கு ஆபத்தாகிறது. அறிகுறி வெளிப்படுவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதற்கு முந்தைய வாரங்களில் அந்த நாய் ஓடும், வாலாட்டும், சோற்றைத் தின்னும். எந்த இரத்தப் பரிசோதனையும் எந்த ஸ்கேனும் அதைக் காட்டிக்கொடுக்காது. நோயை உறுதிசெய்ய மூளைத் திசுவைப் பார்க்க வேண்டும். அதற்கு நாய் இறந்திருக்க வேண்டும். நாய்களில் இந்த அடைகாலம் பொதுவாக மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை. அரிதாக அதையும் தாண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் வைத்திருக்கும் விதிகளைப் படித்தால், ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் உடலியல் காரணம் தெரியும். முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் ஓர் அரிசியளவு மைக்ரோசிப். அதில் மின்கலம் கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைச் சொல்லும். சிப் பொருத்திய பிறகே தடுப்பூசி போட வேண்டும், முன்பு போட்டது கணக்கில் வராது. ஊசி வாங்கியது இந்த நாய்தான் என்பதற்கு வேறு சாட்சி இல்லாததே காரணம். தடுப்பூசிக்குக் குறைந்த வயது 12 வாரம். அதற்கு முன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதங்கள் குட்டியின் இரத்தத்தில் மிச்சமிருந்து ஊசிமருந்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். ரேபீஸ் கட்டுப்பாட்டில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட நாடுகளிலிருந்து வரும் நாய், ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருந்தால் போதும். சீனா, இந்தியா, இலங்கை போலப் பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து வருவது, ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகு எதிர்ப்புரதமாவது இருக்க வேண்டும். அதன் பிறகு இன்னும் மூன்று மாதம். முப்பதும் தொண்ணூறுமாகக் கூட்டினால் நான்கு மாதம். கோபியின் பெய்ஜிங் வாசம் இதுதான். தேறிவிட்ட இரத்தத்துக்குப் பிறகும் ஏன் மூன்று மாதம் என்று பலர் கேட்கிறார்கள். இரத்தம் சொல்வது தடுப்பூசி வேலை செய்தது என்பதை மட்டும். ஊசி போடுவதற்கு முன்பே கடிபட்டு, வைரஸ் நரம்புக்குள் ஏறியிருந்தால், இரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்புரதம் இருந்தும் பயனில்லை. அப்படி ஒரு நாய் இருந்தால், அந்த மூன்று மாதத்தில் பெரும்பாலும் தன்னை வெளிப்படுத்திவிடும்.

இந்த அடுக்குகளில் ஒன்று விலகினாலும் என்ன ஆகும் என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. 2015-இல் எகிப்தின் தெருக்களிலிருந்து மீட்கப்பட்ட நாய்களும் பூனைகளும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒரு பெண் நாய்க்கு முன்னங்கால் எலும்பு முறிந்து கூடாமல் இருந்தது. பரிவோடு அழைத்துக்கொள்ள அதைவிடத் தகுதியான நாய் இருக்க முடியாது. வர்ஜீனியாவில் அதற்கு ரேபீஸ் உறுதியானது. விசாரித்தபோது தடுப்பூசிச் சான்றிதழ் பொய்யானது என்று தெரிந்தது. 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து 33 நாய்கள் சிகாகோ விமான நிலையத்தில் இறங்கி, பல மாநில வீடுகளுக்குப் பிரிந்துபோயின. பென்சில்வேனியா போன நாய்க்கு, வந்த மூன்றாம் நாளே அறிகுறி தோன்றியது. இந்தமுறை காகிதம் சரியாகவே இருந்தது. ஆனால் உடன் வந்தவற்றைச் சோதித்ததில், சான்றிதழ் இருந்தும் பலவற்றின் இரத்தத்தில் போதிய எதிர்ப்புரதம் இல்லை. ஒன்பது மாநிலச் சுகாதாரத் துறையினர் அந்தப் பயணத்தில் தொடர்புள்ளவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நாய்வழி ரேபீஸ் வகையை 2007-இலேயே ஒழித்துவிட்ட நாடு அது. அடுத்த மாதமே, ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை அமெரிக்கா நிறுத்திவைத்தது. 2024 ஆகஸ்டில் புது விதிகள் வந்தபோது, எந்த நாட்டிலிருந்து வரும் நாயும் ஆறு மாதம் நிரம்பியதாக இருக்க வேண்டும் என்றது. கனடா இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. 2022 செப்டம்பர் 28 முதல், ரேபீஸ் அபாயம் மிகுந்த நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து தத்தெடுப்புக்காகக் கொண்டுவரப்படும் நாய்களுக்கு அங்கே கதவு மூடிவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருப்பதால், சென்னையில் பார்த்து மனம் பறிகொடுத்த ஒரு குட்டியை டொராண்டோவில் உள்ள ஒருவருக்குத் தத்துக் கொடுக்க நினைப்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். சான்றிதழை நம்பிக் காலத்தைச் சுருக்கியதன் விலையை, அந்த நாய்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான நாய்கள் கொடுக்கின்றன என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிரிட்டன் நூறாண்டுக்கு மேல் ஆறு மாதத் தனிமைப்படுத்தலை வைத்திருந்த நாடு. அப்படியிருந்தும் 1969 அக்டோபரில் சர்ரேயின் கேம்பர்லி ஊரில், ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதத்தையும் முழுதாகக் கூண்டில் கழித்த ஒரு நாய்க்கு, வெளியே வந்த பத்தாம் நாளில் ரேபீஸ் வெளிப்பட்டது. ஆறு மாதமே கைவிட்டபோது நான்கு மாதம் எப்படிப் போதும்? பழைய முறையில் காலம் ஒன்றே காவல். இன்றைய முறையில் காலத்தோடு தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்திருக்கின்றன. ஊசிக்குப் பின் கடிபடும் நாய்க்குப் பெரும்பாலும் நோய் வராது. முன்பே கடிபட்டதைக் காலம் காட்டும். ஊசி உண்மையில் உள்ளே போனதா என்பதை இரத்தம் சொல்லும். மூன்றும் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைப்பதால்தான் 2000-இல் பிரிட்டன் துணிந்து செல்லப்பிராணிப் பயணத் திட்டத்தைத் தொடங்கியது, 2012-இல் ஐரோப்பிய விதிகளோடு தன்னை இணைத்துக்கொண்டது. ஆபத்து பூஜ்யம் ஆகிவிட்டதா என்றால், இல்லை. மூன்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டும் போதும் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

ரேபீஸுக்குச் சட்டம் இருக்கிறது. மற்றப் பல நோய்களுக்கு அதுவும் இல்லை. கொசுவழி பரவும் இதயப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கொசு விட்ட இளம்புழு நுரையீரல் தமனியை அடைந்து, வளர்ந்து, பரிசோதனையில் தெரிவதற்கு ஏறக்குறைய ஆறு மாதமாகிறது. விமானம் ஏறும் வாரத்தில் எடுத்த இரத்தம் 'இல்லை' என்று சொன்னால், அது ஆறு மாதத்துக்கு முந்தைய நிலவரம். மணல் ஈக்கள் பரப்பும் லீஷ்மேனியா மத்தியதரைக் கடல் நாடுகளின் நாய்களில் சாதாரணம். அது மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, பிறகு தோலிலும் சிறுநீரகத்திலும் தலைகாட்டும். புருசெல்லா கேனிஸ் என்ற நுண்ணுயிர் நாயின் உடலணுக்களுக்குள்ளேயே குடியிருப்பதால், மருந்து கொடுத்தாலும் முற்றாக அழிந்தது என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது. பிரிட்டனில் 2020-க்குப் பிறகு பெருகிய அதன் பாதிப்புகளில் பெரும்பகுதி ருமேனியாவிலிருந்து வந்த நாய்களோடு தொடர்புடையவை, மனிதருக்கும் தொற்றியிருக்கிறது. இனச்சேர்க்கையின்போது நாயிலிருந்து நாய்க்குத் தாவும் ஒருவகைப் புற்றுநோய் இவற்றிலெல்லாம் விசித்திரமானது. அது வைரஸ் அல்ல. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் புற்றணுக்களே, அந்த நாய் மடிந்த பின்னும், உடல்விட்டு உடல் தாவி இன்றுவரை உயிரோடிருக்கின்றன. 43 நாடுகளின் 546 கட்டிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான மரபணு ஆய்வு, அவை பரவிய வழிகளை வரைந்து காட்டியது. கப்பலேறிய நாய்களோடு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அது போயிருக்கிறது. நல்வேளையாக வின்கிரிஸ்டின் என்ற மருந்துக்கு இது பெரும்பாலும் கட்டுப்படும். நாயைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் வழக்கமும், அதோடு அதன் நோய் போவதும் நம் காலத்தில் புதிதாகத் தொடங்கியவை அல்ல.

இதுவரை சொன்னவை வைரஸின், புழுவின் காலக்கணக்கு. நாயின் மனத்துக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. என் வாதத்தில் சிக்கலான இடம் இதுதான். 1961-இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். உயர்ந்த வேலிபோட்ட வெளியில், மனிதர் கண்ணில் படாமல் தாயோடு குட்டிகள் வளர்ந்தன. வெவ்வேறு வாரங்களில் ஒவ்வொரு குழுவை எடுத்து ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டார்கள். ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் பழகியவை இணக்கமாக வந்தன. 14 வாரம் வரை மனிதரையே காணாதவை காட்டு விலங்குகளைப் போல ஒதுங்கின. குட்டிக்குப் பிறந்த மூன்றாம் வாரம் திறக்கும் சன்னல் ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காம் வாரத்தில் சாத்திக்கொள்கிறது. அந்த இடைவெளியில் கண்டவை எல்லாம் உலகின் இயல்பு. பிறகு காண்பவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. இப்போது சட்டத்தின் கணக்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 12 வாரத்தில் ஊசி, 30 நாள், பிறகு மூன்று மாதம்: பட்டியலில் இல்லாத நாட்டுக் குட்டி ஏழு மாதம் நெருங்கும்போதுதான் புறப்பட முடியும். பட்டியலிலுள்ள நாட்டுக் குட்டிகூட 15 வாரத்துக்கு முன் எல்லை தாண்ட முடியாது. அதாவது வைரஸுக்காகப் பூட்டிய கதவு திறக்கும் நேரத்தில், குட்டியின் மனச் சன்னல் எப்போதோ மூடியிருக்கும். எடின்பரோவிலோ மியூனிக்கிலோ காத்திருக்கும் குடும்பம் எவ்வளவு அன்பு வைத்திருந்தாலும் அந்த வாரங்கள் அவர்கள் கைக்கு வரப்போவதில்லை. அவை பிறந்த ஊரில் யார் கையில் இருந்தன என்பதே அந்த நாயின் பின்வாழ்வைத் தீர்மானிக்கிறது.

தெருநாய் மனிதரை அறியாத விலங்கு என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக்கூடாது. கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு தெருநாய்களிடமே நடத்திய ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. யாரும் பழக்காத தெருநாய்களிடம், அறிமுகமில்லாத ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கைநீட்டிக் காட்டினார். நெருங்கி வந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, கை காட்டிய கிண்ணத்துக்குப் போயின. இன்னொரு ஆய்வில், மறுபடி மறுபடி சந்தித்தபோது, உணவு கொடுத்தவரைவிடத் தடவிக்கொடுத்தவரை அவை அதிகம் நம்பின. மனித மொழி அவற்றுக்குத் தெரியும். தெரியாதது வீடு. தெருவில் எந்த அச்சத்துக்கும் அதன் பதில் ஒன்றுதான்: நான்கடி விலகி நின்று பார்ப்பது. அந்த விலகும் தூரம் அதன் உடைமை. கதவைச் சாத்திய அறையும் கழுத்தில் வாரும் முதலில் பறிப்பது அதைத்தான். பளபளக்கும் தரை, படிக்கட்டு, தொலைக்காட்சியில் பேசும் முகம் எல்லாம் ஒரே நாளில் வந்து விழும்போது, மேசைக்கடியில் மூன்று நாள் படுத்திருக்கும் நாயை 'அமைதியான நாய்' என்று குடும்பம் எண்ணிக்கொள்கிறது. அது உறைந்துபோயிருக்கிறது. வாசல் திறந்ததும் ஓடுவது அந்த நாய்தான்.

அப்படியானால் காத்திருப்பே கொடுமை அல்லவா, நெரிசலான காப்பகத்தில் குரைப்பொலிக்கு நடுவே நான்கு மாதம் வைத்திருப்பதைவிட உடனே அனுப்பிவிடலாமே என்பார்கள். காப்பகத்தின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ருமேனியாவில் 2013-இல் நாய் கடித்து ஒரு நான்கு வயதுச் சிறுவன் இறந்த பின் வந்த சட்டம், 14 நாளில் யாரும் கேட்டு வராத தெருநாயைக் கொல்ல அனுமதித்தது. ஐரோப்பாவின் பெரிய தத்தெடுப்பு அலைக்கு அந்தக் கெடுவும் ஒரு காரணம். ஆனால் காலத்தைச் சுருக்குவதால் காப்பகம் நல்லதாகிவிடாது. காத்திருக்கும் இடத்தை மாற்றினால் போதும். அந்த மாதங்களை நாய் கூண்டில் கழிக்க வேண்டும் என்று மேற்சொன்ன விதிகளில் எங்கும் இல்லை. அதே ஊரில் ஒரு வளர்ப்பு வீட்டில் கழிக்கலாம். குக்கர் விசில், துடைப்பம், குழந்தையின் அழுகை, வாரோடு நடப்பது, தனியாக ஒரு மணி நேரம் இருப்பது எல்லாவற்றையும் தன் மொழி பேசும், தன் வாசனை தெரிந்த மனிதரிடம் கற்கலாம். தத்தெடுக்கும் வெளிநாட்டுக் குடும்பம் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். விமானக் கட்டணத்துக்குத் திரட்டும் நிதியைவிட இந்த வீட்டுக்குத் திரட்டும் நிதி நாய்க்கு அதிகம் உதவும்.

ஒரு நாய்க்கு ஆகும் செலவில் ஊரிலேயே நூறு நாய்க்கு ஊசி போடலாமே என்ற மறுப்புக்குக் கனம் அதிகம். உலகில் உள்ள 70 கோடி முதல் 100 கோடி வரையான நாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கட்டில்லாமல் திரிபவை. தத்தெடுத்து இந்த எண்ணைக் குறைக்க முடியாது. ஓர் ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபீஸ் சங்கிலி அறும்; அந்த வழியில் பல ஆண்டுகள் விடாமல் நடந்த மெக்சிகோவை, நாய்வழி ரேபீஸால் மனிதர் இறப்பதை ஒழித்த முதல் நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஆகவே தெருநாய்ப் பிரச்சினைக்குத் தீர்வாகத் தத்தெடுப்பை முன்வைப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. அதேசமயம், தெருநாய் தெருவிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்பவரோடும் முழுதாக உடன்பட முடியவில்லை. பத்ராவின் குழு 364 குட்டிகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தது. ஏழு மாதத்தை எட்டியவை நூற்றுக்கு 19 மட்டும். இறப்புகளில் நூற்றுக்கு 63 மனிதரால் நேர்ந்தவை. தெருவில் நன்றாக வாழும் வளர்ந்த நாய், அந்த ஐந்தில் ஒன்று. அதற்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து, அதன் தெருவிலேயே விடுவதுதான் பெரும்பாலும் அதற்குச் செய்யக்கூடிய நன்மை. அடிபட்டதும், விரட்டப்பட்டதும், கோபியைப் போல ஒரு மனிதரைத் தானே தேர்ந்தெடுத்துப் பின்னால் வருவதும் வேறு வகை. அவற்றுக்கு வீடு தேடலாம், ஆனால் நான்கு மாதத்தையும் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

அந்த மாதங்களின் முடிவில் செய்ய வேண்டிய சிறு வேலைகளிலும் காலம் கணக்காகவே வருகிறது. பிரிட்டன், அயர்லாந்து, நார்வே போன்ற நாடுகளுக்குள் நுழைய, இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னும் 120 மணி நேரத்துக்கு உள்ளும் கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். மருந்து வேலை செய்ய ஒரு நாள் வேண்டும். ஐந்து நாளுக்குமேல் போனால் நாய் மறுபடி புழுவை வாங்கிக்கொண்டு வரலாம். மயக்கமருந்து கொடுத்து அனுப்ப மருத்துவர்கள் சம்மதிப்பதில்லை. பறக்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்தால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதற்குப் பதில் பழக்கம்தான் மருந்து. நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடமுள்ள பயணக்கூண்டைப் புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே வளர்ப்பு வீட்டின் மூலையில் கதவு கழற்றி வைத்துவிட வேண்டும். முதல் வாரம் சோற்றுத்தட்டு கூண்டுக்கு வெளியே. அடுத்த வாரம் வாசலில். பிறகு உள்ளே, கடைசிச் சுவரோரம். வளர்த்தவர் உடுத்திய பழைய துணி ஒன்று அடியில். ஒரு மதியம் யாரும் அழைக்காமலே நாய் உள்ளே போய், இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தத் துணிமேல் சுருண்டு தூங்கியிருக்கும். கதவை மாட்டிப் பார்ப்பது அதன் பிறகு.